வேலியில்லா வீட்டில் முதலாண்டு

மணமுடித்துச் சில திங்களே சென்ற இளந்தம்பதியர் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பில் குடியேறுவது நம் குடும்பங்களில் வழக்கமான நிகழ்ச்சியாகிவிட்டது. கணவனுக்கு வங்கியிலோ கம்பனியிலோ உத்தியோகம். மனைவியும் படித்தவள், வேலை தேடிக்கொண்டிருப்பவள். வெள்ளவத்தையில் வாடகை கைக்கு எட்டாதபடியால் களனி கங்கையைக் கடந்து பேலியகொடையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கிடைக்கின்றன. பெண்ணின் பெற்றோர் வந்து குடிபூரலுக்குப் பால் காய்ச்சுகின்றனர். மிளகாய்த்தூளும் ஒடியலும் பினாட்டும் போத்தல்களிலும் பொதிகளிலும் நிரம்புகின்றன. மூன்றாம் நாள் இரவு பஸ்ஸில் அவர்கள் திரும்பிப் போகின்றனர். மறுநாட் காலை கணவன் வேலைக்குப் புறப்பட்டதும் கதவு சாத்தப்படுகின்றது.

சாத்திய அந்தக் கதவுக்குப் பின்னால் நிகழ்வதைப் பற்றி நம்மில் எவரும் பேசுவதில்லை. சீதனம் பேசினோம், பொருத்தம் பார்த்தோம், நாள் குறித்தோம். அத்துடன் நம் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றோம். நேயர்களே, இவ்வாரம் அந்த ஐந்தாம் தளத்து வீட்டைப்பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றில் பெண் மணமானதும் மாமியார் வீட்டிற்குப் போவாள். யாழ்ப்பாணத்து வழக்கம் பெரும்பாலும் இதற்கு மாறானது. பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே குடியிருத்துவதே நம் முன்னோர் முறை. மகளின் அடுக்களைக்கும் தாயின் அடுக்களைக்கும் இடையில் ஒரு வேலிதான் இருக்கும். அந்த வேலியிலும் ஆள் நுழைந்து போகத்தக்க ஒரு பொட்டு இருக்கும். கறிக்கு உப்புக் கூடிவிட்டதா, பிள்ளைக்குக் காய்ச்சலா, கணவனோடு சிறு மனத்தாங்கலா, அந்தப் பொட்டு வழியாகவே ஆறுதல் வந்து சேர்ந்தது. மணமான பின்னும் தாயைப் பிரியாதவளாகவே நம் பெண் வாழ்ந்தாள். அத்தகைய வழக்கில் வளர்ந்தவளை ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால் வேலியும் பொட்டும் இல்லாத ஒரு மாடியில் கொண்டுபோய் வைக்கின்றோம். அவளுக்கு நேரும் மாற்றம் எத்துணைப் பெரிது என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

கொழும்பு உத்தியோகம் நமக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே நம்மவர் எழுதுவினைஞராகவும் கணக்கராகவும் தலைநகருக்குச் சென்றனர். ஆனால் அவர்களுட் பலர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுச் சென்றனர். நாலைந்து பேர் கூடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு சமையற்காரரை வைத்துக்கொண்டு காலங்கழித்தனர். 1956 ஏப்பிரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, இவ்வாறு பிரிந்திருந்த குடும்பங்களை இணைத்த பாலமாயிற்று. 1990 ஜூனில் போரினால் அச்சேவை யாழ்ப்பாணம் வரை ஓடாது நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் குடும்பம் ஓரிடமும் உத்தியோகம் ஓரிடமுமாக வாழும் பழைய ஏற்பாடு குலைந்தது. கணவன் சென்ற இடத்துக்கு மனைவியும் செல்வது பொதுவழக்காயிற்று. இது நல்ல மாற்றமே. ஆயினும், பிரிவின் சுமை முன்பு கணவன் தோளில் இருந்தது. இப்போது அது மனைவியின் தோளுக்கு மாறியிருக்கின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மகள் புதுமனையில் எப்படி இருக்கின்றாள் என்று அறியத் துடிப்பது தமிழ்த்தாயின் பழைய இயல்பு. சங்க இலக்கியத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. செவிலித்தாய் மகளின் மணமனைக்குச் சென்று, கண்டவற்றை நற்றாய்க்கு வந்து உரைப்பதே அது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு அத்துறையைச் சேர்ந்தது. பாடியவர் கூடலூர் கிழார். செல்வமாக வளர்ந்த பெண் அடுப்புப் புகையில் நின்று தன் கையால் சமைக்கின்றாள். கணவன் உண்டு, சுவை நன்று என்கின்றான். அவள் முகம் மகிழ்கின்றது. செவிலி வந்து சொல்வது இவ்வளவே. வீட்டின் அளவையோ அங்குள்ள பொருள்களையோ அவள் எண்ணிச் சொல்லவில்லை. அவள் பார்த்தது அந்த முகத்தை.

இக்காலத்துத் தாய்மாருக்குச் செவிலி இல்லை, கைத்தொலைபேசி உண்டு. அதன் கண்ணாடியில் மகளின் முகம் நாள்தோறும் தெரிகின்றது. ஆனால் அழைப்பு வரும்போது முகத்தைக் கழுவிச் சிரிப்பை வரவழைத்துக்கொள்ள எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆதலால் தாய்மாருக்கு நாம் கூறுவது இதுதான்: முதலாண்டில் ஒருமுறையேனும் நேரிற் சென்று ஒரு கிழமை தங்குங்கள். போனால், அலுமாரியை அடுக்காதீர்கள். மருமகனின் வருமானத்தை விசாரியாதீர்கள். மகள் பகலில் யாரோடு பேசுகின்றாள் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒருவருமில்லை என்று கண்டால் அதுவே நீங்கள் தீர்க்கவேண்டிய குறை.

இளங்கணவர்க்கும் ஒரு சொல். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, மாலை நெரிசலில் களனிப் பாலத்தைக் கடந்து, இரவு ஏழுக்கு நீங்கள் வீடு திரும்புகின்றீர்கள். உங்களுக்கு அன்று நூறு பேருடன் பேசி நா வறண்டிருக்கும். அவளுக்கோ பன்னிரண்டு மணி நேரமாக ஒரு சொல்லும் வாயைவிட்டு வந்திராது. ஒருவர் அமைதியை நாடி வருகின்றார். மற்றவர் பேச்சை நாடிக் காத்திருக்கின்றார். முதலாண்டுப் பிணக்குகளுட் பல இந்த ஓரிடத்திலேயே முளைக்கின்றன. குணக்கேட்டைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. வந்தவுடன் அரை மணி நேரம் தொலைபேசியை ஒருபுறம் வைத்துவிட்டு அவள் சொல்வதைக் கேட்பீராயின் பாதித் துன்பம் தீரும். மீதிப் பாதி, அவளுக்கு வீட்டுக்கு வெளியே ஓர் உலகம் அமைவதில் இருக்கின்றது.

அந்த உலகம் எட்டாத தூரத்தில் இல்லை. பேலியகொடையிலிருந்து பாலத்தைக் கடந்தால் கொட்டாஞ்சேனை. அதற்கப்பால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் எல்லா இனத்தவரும் எல்லாச் சமயத்தவரும் கூடுகின்றனர். வெள்ளவத்தையில் 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருக்கின்றன. ஆடிமாதத்து வேல் விழாவில் தலைநகரின் தமிழர் அனைவரையும் வீதியிற் காணலாம். வாரத்தில் ஒருநாள், யாருடைய துணையும் இன்றித் தானே பஸ் ஏறி இவற்றுள் ஓரிடத்துக்குப் போய்வரும் பெண்ணுக்கு நகரம் விரைவில் வசப்படும்.

சந்தையும் ஒரு பள்ளிக்கூடமே. 2011இல் கொழும்பிலிருந்து மீன் மொத்தச் சந்தையும், 2020இல் புறக்கோட்டையிலிருந்து மெனிங் சந்தையும் பேலியகொடைக்கு மாற்றப்பட்டன. கொழும்பு மாநகரம் உண்ணும் மீனிலும் மரக்கறியிலும் பெரும்பங்கு இவ்வழியே செல்கின்றது. கணவனே எல்லாவற்றையும் வாங்கிவரும் வீட்டில் மனைவி மொழி கற்கமாட்டாள். அயலில் இருப்போர் பெரும்பாலும் சிங்களவர். விலை கேட்கவும், எண் சொல்லவும், நலம் விசாரிக்கவும் போதிய சிங்களம் மூன்று மாதத்திற் கைவரும். படியிற் சந்திக்கும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பிழையான சிங்களத்தில் ஒரு வார்த்தை பேசுவது, பிழையற்ற மௌனத்திலும் மேலானது. நடுச்சாமத்தில் வயிற்றுவலி வந்தால் முதலில் தட்டவேண்டியது அவருடைய கதவைத்தான்.

மாடிவாழ்வுக்கென்று சில மரியாதைகள் உண்டு. ஊரில் நாம் அம்மியில் அரைத்தால் அது நம் முற்றத்தோடு போயிற்று. இங்கே நம் தரை கீழ்வீட்டாரின் கூரை. இரவு ஒன்பதுக்குப் பின் உரலில் இடித்தலும், தளவாடங்களை இழுத்தலும் அவர் தலைமேல் இடிப்பதற்கு ஒப்பாகும். மேல்மாடத்தில் ஈரத்துணியை நீர்சொட்ட உலர்த்துவதும் அவ்வாறே. கருவாடு பொரிக்கும்போது நடைபாதைக் கதவைச் சாத்திச் சாளரத்தைத் திறந்துவிடுதல் நலம்.

சமையல் வாயுவில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அது காற்றினும் பாரமானது. கசிந்தால் மேலே போகாது தரையில் தேங்கும். மணம் வந்தால் மின்விசையைத் தொடாது, கதவு சாளரங்களைத் திறந்து வெளியேறுதல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். குழாயையும் சீராக்கியையும் காலந்தவறாது மாற்றுவது வீண்செலவன்று.

அடுத்த ஆண்டு மாடிவாசிகளுக்கு வேறொரு பாடத்தைத் தந்தது. 2022இல் வாயு கிடைக்கவில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரமும் தடைப்பட்டது. ஊரில் இருந்தோர் முற்றத்தில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினர். கிணற்றில் நீர் அள்ளினர். மாடியில் இருந்தோர்க்கு முற்றமுமில்லை, கிணறுமில்லை. மின்சாரம் நின்றால் மின்தூக்கி நிற்கும். நிலக்கீழ்த் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்றும் இயந்திரமும் நிற்கும். ஆகையால் வீடு பார்க்கப் போகும்போது தரையின் பளபளப்பையும் கடலோ கங்கையோ தெரியும் காட்சியையும் பார்த்து மயங்காமல், மின்பிறப்பாக்கி உண்டா, அது நீரிறைக்கும் இயந்திரத்தையும் இயக்குமா, மேல்தொட்டி நீர் எத்தனை நாளைக்குப் போதும் என்று கேட்டறிதல் வேண்டும்.

களனிக் கரையில் வீடு தேடுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இக்கங்கை 1947இலும் 1989இலும் 2016இலும் பெருக்கெடுத்துக் கரையோரக் குடிகளை அலைக்கழித்தது. ஐந்தாம் தளத்துக்கு வெள்ளம் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் வாகனத் தரிப்பிடமும், நீரிறைக்கும் இயந்திரமும், மின்னிணைப்புப் பலகையும் பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே இருக்கும். அவை நீரில் மூழ்கினால் மேலே இருப்பவர் நாற்புறமும் நீர்சூழத் தாகத்தோடு இருக்க நேரிடும். தரகரிடம் இதைக் கேளாதீர்கள். தெருமுனையில் நெடுங்காலமாகக் கடை வைத்திருப்பவரிடம், வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார். மழைக்காலத்தில் நாகலகம் வீதி அளவியில் கங்கையின் நீர்மட்டம் எவ்வளவு என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிப்பதையும் கேட்டுவரப் பழகுங்கள்.

இனி, வாடகை வீட்டைவிட்டுச் சொந்த வீட்டைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். இதிலேதான் குடும்பங்களின் பெரும்பொருள் அடங்கியிருக்கின்றது. ஊர் வளவுக்குப் பதிலாகக் கொழும்பிலே ஒரு மாடிவீட்டைச் சீதனமாகக் கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தோட்டக்காணியை விற்றும், வெளிநாட்டிலுள்ள தமையனைக் கடனாளியாக்கியும் அதை நிறைவேற்றும் பெற்றோர் உளர். சொந்தக் கூரை வேண்டுமென்ற ஆவலை நாம் எளிதிற் பழிக்க முடியாது. 1958இலும் 1977இலும் 1983இலும் கொழும்புத் தமிழர் வீட்டையும் பொருளையும் இழந்து ஊருக்குத் திரும்பினர். 2007 ஜூன் 7ஆம் நாள் தலைநகரின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடைசெய்தது. உறுதி கையிலிருந்தால் நம்மை எவரும் வெளியே போ என்று சொல்லமாட்டார் என்னும் எண்ணம் இத்தகைய நினைவுகளிலிருந்து பிறந்தது.

அந்த உறுதி எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? நிலம் எவருடையதோ அதன்மேல் எழுந்த கட்டடமும் அவருடையதே என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் நெறி. அந்தரத்தில் நிற்கும் ஐந்தாம் தளத்தை ஒருவர் தனியே உரிமைகொள்வதற்குத் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம் அதற்கு வழிசெய்தது. கட்டடத்தின் வரைபடம் காணிப் பதிவகத்தில் முறைப்படி பதியப்பட்டால், ஒவ்வொரு வீடும் தனியுடைமையாகும். படி, நடைபாதை, மின்தூக்கி, கூரை ஆகியவற்றில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டாகும். வீட்டுரிமையாளர் அனைவரையும் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் தோன்றும். கட்டடம் அனுமதித்தபடியே முடிந்தது என்னும் இணக்கச் சான்றிதழும் பதிந்த வரைபடமும் இல்லாத வீட்டுக்கு முழுப்பணத்தையும் கொடுப்பது, படலை இல்லாத வளவில் பசுவைக் கட்டுவதற்கு ஒப்பாகும். நகர சபையிலும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிலும் விசாரித்து, உங்களுக்காகப் பேசும் நொத்தாரிசு ஒருவரைக்கொண்டு பதிவேட்டைத் தேடுவித்த பின்னரே கையொப்பமிடுங்கள். விற்பவரின் நொத்தாரிசு விற்பவருக்குரியவர்.

உறுதி யார் பெயரில் எழுதப்படுகின்றது என்பதும் சிறுகாரியமன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாக வகுத்தது. சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. எனினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. இவ்விதியைச் சட்டம் அறிந்தோரும் பெண்ணுரிமை பேசுவோரும் நெடுங்காலம் கண்டித்து வந்திருக்கின்றனர். தேசவழமை ஆட்சார்ந்த சட்டமாதலின் கொழும்புக்கு வந்தாலும் நம்மைத் தொடர்ந்து வரும். இல்லறம் இனிதாக நடக்கும்போது இவையெல்லாம் வீண்பேச்சாகத் தோன்றும். கணவன் கைவிட்டுப் போனாலோ கடனில் வீழ்ந்தாலோ அப்பெண்ணுக்கு எஞ்சுவது இந்த ஒரு காகிதமே. மகளுக்கென்று கொடுக்கும் வீட்டை மகள் பெயரிலேயே எழுதுவியுங்கள். சட்டத்தரணியிடம் அவளையும் உடன் அழைத்துச் சென்று, தனக்குள்ள உரிமை இன்னது என்பதை அவள் காதால் கேட்கச் செய்யுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. முதலிரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருப்பது எந்த ஆண்மகனுக்கும் இழுக்கன்று. உத்தியோகம் எங்கே நிலைக்கும், பிள்ளைகள் எப்போது வருவர், இருவருக்கும் எந்த அயல் பிடிக்கும் என்பவை அக்காலத்திலேதான் தெளிவாகும். மணப்பேச்சின்போதே மாடிவீடு கேட்பவர், இன்னும் வாழத் தொடங்காத இருவரின் வாழ்வுக்கு இடங்குறித்து விடுகின்றார். அதற்காக விற்ற தோட்டக்காணியோ திரும்பி வராது.

வளவிலே தனித்திருக்கும் முதியவர்களையும் இங்கே நினைத்தல் தகும். பழைய யாழ்ப்பாண வீடுகளில் சங்கடப்படலை என்றொன்று இருந்தது. தெருவழியே போகும் களைத்தவர் இருந்து இளைப்பாறுவதற்காக வாயிலின் மேல் சிறுகூரை வேய்ந்து, திண்ணையும் அமைத்திருப்பர். வீட்டுக்காரரை அறியாதவருக்கும் அங்கே நிழல் கிடைத்தது. மாடிவீட்டில் அதனைக் கட்ட முடியாது. ஆனால் இரண்டு அறை வீட்டிலும் ஒரு பாயும் தலையணையும் எப்போதும் விருந்துக்கென்று இருக்கலாம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வரும்போது மட்டும் இடமுண்டாகி, கண்வைத்தியத்துக்குத் தந்தை வரும்போது இடமில்லாது போகின்ற வீடு இருபது அறை கொண்டதாயினும் சிறிய வீடே.

சகோதரிகளே, இதை வாசிப்போருள் சிலர் இப்போதே அத்தகைய மாடியொன்றில் தனியே இருக்கக்கூடும். மூன்று வாரமாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது இருக்கலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவரும் வீட்டிலேதான் இருப்பார். நீங்கள் செய்த பலகாரத்தில் நாலைந்தை ஒரு தட்டிலிட்டுச் சென்று அக்கதவைத் தட்டுங்கள். தட்டு வெறுமையாகத் திரும்புவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவர்கள் ஊரிலும் இல்லை.